மிடற்றில் நிற்கும் காற்று: உறக்க மூச்சுத்தடைக் கருவியும் அதைத் தேர்ந்தெடுக்கும் சொற்களும்



இப்பொழிவு வரிசையில் பேச என்னை அழைத்தபோது, புணர்ச்சி இலக்கணம் குறித்தோ மலேசியத் தமிழில் வழங்கும் மலாய்க் கடன்சொற்கள் குறித்தோ நான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் எண்ணியிருக்கக்கூடும். தலைப்பைக் கண்டதும் ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, இது மருத்துவர் பேச வேண்டிய பொருளல்லவா?” என்று கேட்டார். மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆயினும் நான் ஒரு நோயாளி. சொற்களோடு நாற்பது ஆண்டுகள் உழன்றவன். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடத்தைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறேன். என் பிழை ஒன்றையும் அதில் சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, ஒரு நூல் வெளியீட்டுக்காகக் கிள்ளானில் கொமுட்டர் இரயிலேறினேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, இந்தப் பிரிக்பீல்ட்சுக்கு நடந்து வருவதாகத் திட்டம். கண் விழித்தபோது இரயில் ரவாங்கில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்பும் அறிகுறிகள் இல்லாமலில்லை. ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வொன்றில், தேர்வாளனாக அமர்ந்திருந்த நான், மாணவி விடையளித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்திருக்கிறேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாளாம். பின்னாளில் பிறர் சொல்லக் கேட்டு வெட்கினேன்.

மருத்துவரிடம் என்னை அழைத்துச் சென்றவர் என் மனைவி. அவர் மருத்துவரிடம் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: “இவங்க கொறட்டை விடறப்ப நான் நிம்மதியாத் தூங்குவேன் டாக்டர். அது நிக்கிறப்பதான் எழுந்து மூக்குல கைய வச்சுப் பார்ப்பேன்.” எத்தனை ஆண்டுகளாக என்று மருத்துவர் கேட்டார். “பெரியவன் பொறந்ததிலேருந்து” என்றார். மூத்த மகனுக்கு அப்போது வயது 33.

ஒலியியல் படித்த மாணவர்களுக்கு இந்நோயை விளக்குதல் எளிது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்று கூறுகிறது. ககரத்தை ஒலிக்கும்போது நாவின் பின்பகுதி எழுந்து மெல்லண்ணத்தைத் தொட்டுக் காற்றை ஒரு கணம் அடைக்கிறது, உடனே விடுகிறது. உறக்கத்தில் தசைகள் தளரும்போது அதே நா பின்னோக்கிச் சரிகிறது. அதே மெல்லண்ணம் தொய்கிறது. மிடறு ஒடுங்கி அடைபடுகிறது. விடுவதற்குத்தான் ஆளில்லை. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சோட்டம் நின்றால் மருத்துவர்கள் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். குருதியில் உயிர்வளி குறைந்ததும் மூளை உறக்கத்தைக் கலைத்து மிடற்றைத் திறக்கிறது. உறங்குபவர் இதை அறிவதில்லை. முழுத்தடைகளையும் பாதி அடைபட்ட குறைமூச்சுகளையும் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று எண்ணுவர். 5 முதல் 15க்குள் என்றால் இலேசானது. 15 முதல் 30க்குள் நடுத்தரமானது. 30ஐத் தாண்டினால் கடுமையானது. எனக்கு 41. மாந்தரின் மிடறு பேச்சுக்கேற்ப நீண்டு நெகிழ்ந்ததற்கு நாம் கொடுத்த விலையே இந்நோய் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அக்கருதுகோள் மெய்யானால், மொழியியலாளனாகிய நான் அந்த விலையைச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறேன்.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. செய்தித்தாள்கள் இதைத் ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’ என்று எழுதுகின்றன. திணறல் என்பது, திணறுகிறவர் உணர்வது. “எனக்கு மூச்சுத் திணறுகிறதா?” என்று கேட்டால் இந்நோயாளி, இல்லை என்றே மெய்யாகச் சொல்வார். ‘மூச்சின்மை’ என்பது கிரேக்க மூலத்துக்கு மிக நெருக்கமான ஆக்கம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களின் காதில் அது சாவுச் செய்தியாகவே விழும். எனவே ‘உறக்க மூச்சுத்தடை’ என்பதையே நான் ஆள்கிறேன். குறட்டை என்னும் சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றால், கவலையின்றி ஆழ்ந்து உறங்குகிறான் என்றுதானே தமிழில் பொருள்?

பகலுறக்கத்தை அளக்க, மெல்பர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் உலகெங்கும் வழக்கிலுள்ளது. எட்டு வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அமர்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, நெரிசலில் வண்டி நிற்கும்போது கண்ணயர எவ்வளவு வாய்ப்புண்டு என்று அது கேட்கிறது. களைப்பாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. நம்மவர்களிடமோ வாய்மொழியாக, “அசதியா இருக்கா?” என்றே இவ்வினா போய்ச் சேருகிறது. அசதி இல்லை என்று பெருமையோடு சொல்லிவிட்டு, அந்த நாற்காலியிலேயே உறங்கிப்போனவர்களை நான் காத்திருப்புக் கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

இனிக் கருவிக்கு வருகிறேன். 1980ஆம் ஆண்டு வரை, கடுமையான மூச்சுத்தடைக்கு உறுதியான மருத்துவம் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே. அவ்வாண்டில் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன், தூசு உறிஞ்சியைத் திருப்பி வைத்தாற்போன்ற ஓர் ஊதுபொறியை, நோயாளியின் மூக்குக்கென வார்த்த முகமூடியோடு இணைத்து, இரவு முழுதும் காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 1981இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. மிடற்றைக் காற்றே தூணாக நின்று தாங்கியது. இன்றைய சி-பேப் கருவி அதன் வழித்தோன்றல்.

இதன் முழுப்பெயரைச் சிலர் ‘தொடர் நேர்மறைக் காற்றழுத்தம்’ என்று பெயர்த்திருக்கிறார்கள். ‘நேர்மறை’ என்றால் நம் மாணவர்க்கு நினைவுக்கு வருவது நேர்மறைச் சிந்தனை. இங்கே பொருள், வெளிக்காற்றைவிடச் சற்று மிகையான அழுத்தம் என்பது மட்டுமே. ‘மிகையழுத்தம்’ என்றால் போதும். எவ்வளவு மிகை? இக்கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை தருகின்றன. ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலை 10 சென்டிமீட்டர் ஆழம் வைத்துக் குமிழி வர ஊதிப் பாருங்கள். அவ்வளவுதான் 10. கருவியைக் கண்டு அஞ்சும் பாட்டிக்கு இதைச் செய்து காட்டினால் அச்சம் பாதி குறையும். மீதிப் பாதி, பெருந்தொற்றுக் காலத்தில் நாம் கேட்ட செய்திகளால் வந்தது. இது உயிர்வளிக் கருவி அன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரைப் பிடித்துவைக்கும் கருவியும் அன்று. அறைக் காற்றையே இழுத்து, வடிகட்டி, ஊதுகிறது.

எனக்கு நோய் உறுதியான ஆண்டே என் அக்காளுக்கும் உறுதியாயிற்று. அவருக்கு 27. கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். தமிழும் சந்தை மலாயும் தவிர வேறு மொழி அறியார். கருவி வாங்க நான்தான் மொழிபெயர்ப்பாளனாக உடன் சென்றேன். விற்பனையாளர் நல்ல இளைஞர். பொறுமையாக மூன்று வகை முகமூடிகளை மேசைமேல் வைத்தார். மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்குத்துளைகளின் வாயிலில் இரண்டு மென்குமிழ்களாகப் பொருந்துவது மற்றொன்று; இதைத் தொழில்வழக்கில் மூக்குத் தலையணை என்கிறார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது; அதன் தொழிற்பெயர் ‘புல் பேஸ்’. கண்ணையோ நெற்றியையோ அது தொடுவதில்லை.

முனைவர் பட்டம் பெற்ற மொழியியலாளன் அக்காளிடம் திரும்பி, “இது முழுமுகக் கவசம், அக்கா” என்றேன்.

அக்காள் மேசையைப் பார்க்கவே இல்லை. “மூஞ்சிய முழுசா மூடிட்டு எப்படிப்பா தூங்குறது? பொணத்துக்கு மூடுற மாதிரி” என்றார். இன்னொன்று மூக்குத் தலையணை என்றேன். “மூக்குக்குத் தனியா ஒரு தலகாணியா?” என்று சிரித்தார். அச்சிரிப்போடு எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டார். “அடுத்த மாசம் பாக்கலாம் தம்பி.”

நானோ அதே நாளில், ‘முழு’ என்பது சிறந்தது என்று என்னையறியாமலே பொருள்கொண்டு மூன்றாவது வகையை வாங்கினேன். மூக்கின்வழி நன்றாக மூச்சுவிட முடிந்தவர்க்கு மூக்கு முகமூடியே பெரும்பாலும் பொருந்தும். வாயையும் சேர்த்து மூடுவது பலருக்குக் கூடுதல் அழுத்தம் கேட்கிறது, காற்றுக் கசிவும் மிகுகிறது என்று பின்னர் அறிந்தேன். என் மீசையின் மேல் அது அமரவில்லை. கசியக் கசியப் பட்டையை இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கசிந்தது. மெத்தென்ற விளிம்பு முகத்தில் மிதக்க வேண்டும். இறுக்கினால் மடிந்து வழிவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏழு வாரத்தில் கருவி அலமாரிக்குப் போயிற்று.

அக்காளின் ‘அடுத்த மாசம்’ எட்டு மாதமாயிற்று. எட்டாம் மாதம் ஒரு விடியற்காலை அவருக்கு இலேசான பக்கவாதம் கண்டது. இடக்கை வலுவிழந்தது. சிகிச்சை பெறாத மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தையும் பக்கவாதத்துக்கான வாய்ப்பையும் கூட்டுகிறது என்பது மருத்துவர் அறிந்த செய்தி. அக்காளுக்கு வந்தது அதனால்தான் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை சென்றபோது நான் எந்தப் பெயரையும் மொழிபெயர்க்கவில்லை. மூன்றையும் அக்காளின் வலக்கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் முன்பே ஒரு கேள்வியைச் சொல்லியிருந்தார்: ஒரே கையால் இதை மாட்டவும் கழற்றவும் முடியுமா? காந்தப் பிடியுள்ள முகமூடிகள் அதற்கு எளியவை. ஆனால் இதயமுடுக்கி முதலான உலோகக் கருவிகள் உடலில் பொருத்தப்பட்டிருப்போர் அவற்றை மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. உடன் படுப்பவர்க்கு அத்தகைய கருவி இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். அக்காள், ஒற்றைப் பட்டையை வலக்கையால் தலைக்குமேல் இழுத்து மாட்டும் குமிழ் வகையையே தேர்ந்தார். எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதையே. அவர் இப்போது ஒவ்வோர் இரவும் அதோடுதான் உறங்குகிறார்.

இதனால் நான் கற்றது, முகமூடியை முதலில் தேர வேண்டும் என்பது. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கருவியின் திரை, ஓசை, விலை ஆகியவற்றில் நம் கவனமெல்லாம் போய்விடுகிறது. நிலையான அழுத்தம் தரும் கருவியா, மூச்சுக்கேற்பத் தானே அழுத்தத்தை மாற்றும் கருவியா, மூச்சை இழுக்கையில் ஒன்றும் விடுகையில் ஒன்றுமாக ஈரழுத்தம் தருவதா என்பதை உறக்க ஆய்வின் முடிவைக் கொண்டு மருத்துவரே சொல்லிவிடுவார். முகமூடியையோ நம் முகமே தீர்மானிக்க வேண்டும். கடையில் நிமிர்ந்து அமர்ந்து அணிந்து பார்த்தல் பயனற்றது. கருவியை ஓடவிட்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கம் படுத்துப் பார்க்க வேண்டும். கேட்க வெட்கப்படக் கூடாது. மூக்கு முகமூடி தமக்கு ஒத்துவருமா என ஐயுறுவோர்க்கு ஒலியியல் ஆசிரியனின் முரட்டுச் சோதனை ஒன்று சொல்கிறேன். இதழ்களை மூடி, மகர மெய்யை நீட்டி ஒலித்துக்கொண்டு, இடையிடையே மூக்காலேயே மூச்சிழுத்து ஒரு நிமிடம் இருங்கள். தடையின்றி முடிந்தால் மூக்கு திறந்திருக்கிறது. இது மருத்துவச் சோதனை அன்று. மருத்துவரிடம் மூக்கைப் பற்றிப் பேச்செடுக்க உதவும், அவ்வளவே. இயலுமாயின் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்து வாங்குதல் நலம். பல்லாயிரம் ரிங்கிட் பெறும் பொருளன்றோ!

ஈரமூட்டியைப் பற்றிக் குளிர்நாட்டு நூல்கள் நிறையச் சொல்கின்றன. நம் நாட்டில், விசிறி மட்டும் ஓடும் அறையில் படுப்பவர் சிலருக்கு அது தேவைப்படுவதே இல்லை. குளிரூட்டிய அறையிலோ, வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீர்த்துளியாகி நள்ளிரவில் மூக்கில் வந்து சேரும். குழாயைப் போர்வைக்குள் வைப்பதும், கருவியைத் தலையைவிடத் தாழ்வாக வைப்பதும், ஈர அளவைக் குறைப்பதும் தீர்வுகள். ஈரமூட்டியில் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர்.

வடிகட்டியை எத்தனை நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அக்கையேட்டை எழுதியவர் நம் புகைமூட்டத்தைக் கண்டவரல்லர். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுமாசினால் நெருக்கடிநிலையே அறிவிக்கப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வாரங்களில் வடிகட்டியை நாளும் எடுத்துப் பாருங்கள், கறுத்தால் மாற்றுங்கள்.

பழைய கருவியை மலிவாக வாங்க எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் பல இலட்சக்கணக்கானவற்றை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே ஓசையைக் குறைக்க வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகளும் வாயுவும் மூச்சோடு செல்லக்கூடும் என்பது காரணம். ஓசோன் கொண்டு தூய்மை செய்வது அச்சிதைவை விரைவுபடுத்தக்கூடும் என்றும் கூறப்பட்டது. எனவே பிறர் பயன்படுத்திய கருவியின் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.

இப்போது மீண்டும் சொல்லுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், என் நண்பர், கருவி வாங்கிய மாதத்திலிருந்து காலையில் தலைவலி என்றார். அவர் முகமூடியை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்த சிறு துளைகளை ஒட்டுநாடாவால் அழகாக மூடியிருந்தார். “காத்து லீக் ஆவுது சார், அதான் அடச்சேன்” என்றார். அத்துளைகள் நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்காகவே வைக்கப்பட்டவை. அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும், அது கேடு. கசிவு கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கசிவு கூடாது, எந்தப் போக்கு வேண்டும் என்று பிரித்துச் சொல்ல அவரிடம் இரண்டு சொற்கள் இல்லை. அவர் கருவியோடு வந்த கையேட்டில் பல மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை.

மருத்துவம் தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, 1860களில் தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். அதே யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேப் பணிக்கு வந்தோரின் குடியிருப்புகள் இந்தப் பிரிக்பீல்ட்சில்தான் இருந்தன. எனவே, தமிழால் இயலுமா என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. கிறீன் காலத்துச் சொற்களில் பல வடசொற்கள், இன்று வழங்காதவை. அதுவும் ஒரு பாடமே. சொல்லை ஆக்கியபின் அதை நோயாளியின் காதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் அவ்வாறே செய்தேன். இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பை எழுதி, கிள்ளானில் அக்காளின் வயதொத்த ஏழு பேரிடம் படித்துக் காட்டினேன். ‘முகக்கவசம்’ என்றதும் எழுவரும் தொற்றுக்காலத்துத் துணியையே நினைத்தார்கள். ‘மூச்சுமூடி’ என்று மாற்றினேன். ‘முழுமுக’ என்பதை நீக்கி ‘மூக்குவாய் மூடி’ என்றேன். ‘மூக்குத் தலையணை’யை ‘மூக்குக் குமிழ்’ ஆக்கினேன். ‘ஒழுக்கு’ என்றால் கூரையும் மழையும் நினைவுக்கு வந்தன, ‘கசிவு’ நின்றது. அத்துளைகளுக்கு நான் எழுதியிருந்த ‘வெளியேற்றுத் துளை’ ஒருவருக்கும் ஏறவில்லை. விளக்கிச் சொன்னபின், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மையார், “அட, மூச்சு போற வழியா? மூச்சுவழின்னு போடுங்களேன்” என்றார். அப்படியே போட்டேன்: மூச்சுவழியை அடைக்காதீர்.

அக்குறிப்பின் படிகள் வாயிலருகே மேசையில் உள்ளன. மாணவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் குறட்டை விடும் பெரியவர் இருந்தால் ஒன்றை அவர்க்குப் படித்துக் காட்டுங்கள், எந்தச் சொல்லில் அவர் நிறுத்தி “அப்படின்னா என்ன?” என்று கேட்கிறாரோ, அச்சொல்லை மற்றொரு படியில் அடிக்கோடிட்டு எனக்கு அனுப்புங்கள்.